அசருக்குப் பிறகு திறந்த கடை

எங்கள் கடற்கரை வளாகத்தின் கூட்டுறவுப் புத்தகக் கடைக்கு ஒரு வரலாறு வேண்டுமென்று மாணவர்கள் வந்தார்கள். முதல் தலைவர் நான். முதல் வரியை அவர்களே எழுதியும் வைத்திருந்தார்கள்: ‘தலைவரின் தொலைநோக்கால் கடை பிழைத்தது.’

அது பொய். பொய்யைத் தொடங்கியவனும் நானே.

மாணவர், விரிவுரையாளர், காவலாளி எல்லோரும் அந்தக் கடையில் பங்காளர்கள், வாங்கத்தான் ஆளில்லை. ஒருவன் வாங்கினால் வகுப்பே போட்டோ கொப்பி எடுத்துவிடும். வாங்காதவர் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். நோன்பு மாதத்தில் கடையே பூட்டு. அறையைப் போட்டோ கொப்பிக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு பொதுக்கூட்டத்துக்கு வரவிருந்தது.

ஒரு நோன்பு மாலை மனைவியிடம் புலம்பினேன். அவள் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள்.

“நோன்புல எதுக்குக் கடையைப் பூட்டுறீங்க?”

“நோன்பு புடிச்சிட்டு ஆரு புத்தகம் வாங்குவா?”

“வாங்காட்டிப் போகட்டும். கென்டீனும் பூட்டு. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு விடுதிப் புள்ளைகள் எங்க போற? கடையத் திறந்து பாயைப் போடுங்க. நல்ல கதைப் புத்தகம் கையில இருந்தா பசி தெரியாது.”

மறுநாள் என் சட்டத்தை எடுத்துவிட்டுப் பாய் விரித்தேன். முதல்நாள் மின்விசிறிக்காக வந்தார்கள். பிறகு வாசிக்கத் தொடங்கினார்கள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டும் தலை நிமிராத ஒருவனின் வாயில் நண்பன் பேரீச்சம்பழத்தைத் திணித்தான். பெருநாள் முடிந்ததும், பாதியில் விட்ட கதைகளின் முடிவைத் தேடி வந்து வாங்கினார்கள்.

பொதுக்கூட்டத்தில் மூடும் பேச்சே எழவில்லை. “ஆர்ர யோசன சேர்?” என்று ஒருவர் கேட்டார்.

“நான்தான் கொஞ்சம் யோசிச்சன்” என்றேன். கைதட்டினார்கள். வீட்டில் கைதட்டலை மட்டும் சொன்னேன்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. கஞ்சிக்கு உப்புக் காணாது என்று நான் சொன்னால், “நீங்கதான் கொஞ்சம் யோசிச்சிப் பாருங்களன்” என்பாள். தற்செயல் என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் மாணவர்களின் தாளைக் காட்டி உண்மையைச் சொன்னேன்.

“கூட்டத்துக்கு அடுத்த நாளே அக்கரைப்பற்றுச் சந்தையில உங்கட கூட்டாளிர பொண்டாட்டி எல்லாத்தையும் செல்லிட்டா” என்றாள். “எப்ப வாய் திறப்பீங்கண்டு பாத்துக்கிட்டு இருந்த நான்.”

“கோவமில்லையா?”

“இல்லாம? உப்பு எப்படிக் குறைஞ்சதெண்டு நினைச்சீங்க?”

முதல் வரியை வெட்டி, ‘என் மனைவி சொன்னாள், கடை பிழைத்தது’ என்று எழுதினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தாள்.

“கஞ்சி துழாவிக்கிட்டே சொன்னவ எண்டும் போடுங்க.”

போட்டுவிட்டேன்.