மலைப்புள்ளு

எனக்குப் பத்து வயதிருக்கும். பாறசாலையில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏதோ வந்து மோதியது. ஓடிப்போய்ப் பார்த்தால், செம்பருத்திக்கு அடியில் சாம்பல் நிற வல்லூறு ஒன்று சிறகு விரித்துக் கிடந்தது. கண் மட்டும் எங்களை மிரட்டிக்கொண்டிருந்தது.

அப்பா தோளில் கிடந்த துவர்த்தை அதன்மேல் போட்டுத் தூக்கினார். “நம்ம பிராப்பிடியன் ஆக்கும். கோழிக்குஞ்சு தூக்குற கள்ளன். தெளிஞ்சதும் இங்கேயே விட்டிரலாம்.”

“இது பிராப்பிடியன் இல்ல, அதுக்க சொந்தக்காரன். மலைப்புள்ளு” என்றாள் அம்மா. “தலையில கொண்டை உண்டு, பாருங்க. இங்க விட்டா காக்கா கொத்திக் கொன்னுரும். கள்ளிக்காட்டுலதான் கொண்டு விடணும்.”

கள்ளிக்காடு, மலையடிவாரத்தில் அம்மா பிறந்த ஊர். மாமாவின் கல்யாணத்துக்குத் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று அப்பா உறவை முறித்துக்கொண்ட பிறகு, அந்த ஊரின் பேச்சே எங்கள் வீட்டில் எழுவதில்லை. தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று செய்தி வந்தபோதும் யாரும் கிளம்பவில்லை. எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. பறவை பிழைக்க வேண்டும் என்று அழுதேன்.

அப்பா பறவையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“செரி மக்கா, பெட்டி ஒண்ணு எடு” என்றார்.

காட்டாக்கடை தாண்டும்வரை காருக்குள் அட்டையை நகம் பிறாண்டும் சத்தம் மட்டும்தான். கள்ளிக்காட்டு அணைக்குப் பக்கத்தில் அப்பா பெட்டியைத் திறந்தார். அது கொஞ்சம் திகைத்து நின்று, தாழப் பறந்து மரங்களுக்குள் மறைந்தது. நான் கைதட்டினேன். அம்மா அதைப் பார்க்கவேயில்லை. தாத்தா வீட்டுக்கு இறங்கும் பாதையில் இருந்தது அவள் கண்.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. உனக்க அப்பாவ ஒருக்கா பாத்துட்டு வாறியா?” என்றார் அப்பா. அம்மா பதில் சொல்லுமுன்னே, “நானும் வாறேன்” என்று அவரே முன்னால் நடந்தார்.

தாத்தா அன்று அம்மாவின் கையை விடவேயில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் அவர் போய்விட்டார்.

இப்போது பறவை பார்ப்பது என் பழக்கம். மலைப்புள்ளு உருவில் பெரியது; பிடரியில் சிறு கொண்டை, தொண்டை நடுவில் தடித்த கறுப்புக் கோடு. பிராப்பிடியனுக்குக் கோடு மெல்லியது, கொண்டை கிடையாது. அப்பா அன்று எடுத்த படத்தில், மோதியதில் கலைந்த இறகு தலையில் கொண்டைபோல் நிற்கிறது. தொண்டைக்கோடு இருப்பதே தெரியவில்லை. காட்டோரம் வளர்ந்த அம்மாவுக்கு இது தெரியாததல்ல. கோழி வளர்த்த அப்பாவுக்கும்தான். அன்று அந்த வீட்டில் அதை மலைப்புள்ளு என்று நம்பியவள் நான் ஒருத்திதான்.