கருமத்தம்பட்டியில் ஒரு வாலுக்கு ஆர்கன் ஷாம்பு

கருமத்தம்பட்டியில் முடி கெடுவதற்கு யாரும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. தறிக்கூடத்தில் பறக்கிற பஞ்சு பாதியைக் கெடுத்துவிடும், மீதியை போர்த் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீரில் குளித்த தலை, காய்ந்ததும் தேங்காய் நார்போல விறைத்து நிற்கும். அந்த ஊரில்தான் ஜெனிதா பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் முடியை நேராக்குகிறேன் என்று ஏதோ ஒரு க்ரீமைத் தடவி, வலப்பக்கத்து முடி கொத்தாகக் கையோடு வந்துவிட்டது அவளுக்கு. அந்த வருஷத் தேர்த் திருவிழா முடியும்வரை முக்காட்டை எடுக்கவில்லை. மருமகளுக்கு இவ்வளவு பக்தியா என்று மாமியார் சர்ச் வாசலில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டார். அதிலிருந்து எந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பது ஜெனிதாவின் வழக்கமாகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலைப் பஸ் ஓட்டும் அவள் புருஷன் பிராங்க், ஜெபப் புத்தகத்தைக்கூட இவள் இவ்வளவு உருக்கமாகப் படித்ததில்லை என்பான்.

அப்படிப் படித்துத் தேர்ந்தெடுத்ததுதான் ஆர்கன் எண்ணெய் ஷாம்பு. பட்டியலில் முதலில் வருவது அதிகம், கடைசியில் வருவது பேருக்கு என்பது அவள் கணக்கு. வாசனைக்குப் பின்னால் ஆர்கனை எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலைக் கடைக்குள் ஏற்றமாட்டாள். இவள் வைத்திருந்ததில் தண்ணீர், தேங்காயிலிருந்து எடுத்த மிதமான நுரைப்பொருள், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின், முடியை மிருதுவாக்கும் பாந்தெனால், அடுத்து ஆர்கன் எண்ணெய், அதற்குப் பிறகுதான் வாசனை. முடியை வறட்டுகிற சல்பேட் கிடையாது. ஆர்கனில் இருக்கும் கொழுப்பும் வைட்டமின் ஈயும் சொரசொரத்த முடிமேல் மெல்லிய பூச்சாகப் படியும், சீப்பால் இழுத்தால் அறாது, மினுமினுப்பு வரும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவாள். அதோடு நிறுத்தியிருந்தால் வியாபாரம் நடந்திருக்கும். ஆனால், போன முடி இதனால் வளராது, பிளந்த நுனி ஒட்டாது, அதை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். பெண்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்க்கடையில் சீயக்காய் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் காலையில் சென்னிமலை வந்தார். தறியும் தோட்டமும் வைத்திருப்பவர். பெண்கள் கடை என்பதால் படியேறாமல் வெளியே நின்றே கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு முடி ரொம்பக் கெட்டுப்போச்சுங்க. சரிபண்ண முடியுமுங்களா?"

என்ன ஆச்சு என்று ஜெனிதா கேட்டாள். மகன் மிதுன் வீடியோ எடுப்பதற்காகப் பொன் நிறம் வரட்டும் என்று ப்ளீச் பவுடரைக் குழைத்து அப்பிவிட்டான், இப்போது தொட்டால் உதிர்கிறது என்றார்.

"முடி எவ்வளவு நீளமுங்க? இடுப்பு வரைக்கும் வருமா?"

சென்னிமலை கொஞ்சம் யோசித்தார். "இடுப்புக்குக் கீழதானுங்க இருக்குது."

அவ்வளவு நீளமா என்று வியந்துபோய், புதன்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள் ஜெனிதா.

புதன்கிழமை அவர் கூட்டிவந்தது ஒரு செவலைக் குதிரையை. பேர் பவுனு. மாப்பிள்ளை குதிரையில் போய், ஊர்ப் பொதுவில் நட்டிருக்கும் நாட்டுக்கல்லைக் கும்பிடுவது அந்த வீட்டு வழக்கம். மிதுன் கல்யாணத்துக்காகவே அந்தியூர்ச் சந்தையில் பிடித்துவந்தது. அதன் வால், பழைய துடைப்பத்தை வெயிலில் மறந்துவிட்டதைப்போல மஞ்சளாய்க் கருகித் தொங்கியது. ஜெனிதா பலகையைக் காட்டினாள். 'பெண்களுக்கு மட்டும்' என்று அதில் எழுதியிருந்தது. சென்னிமலை நிதானமாகப் படித்துவிட்டு, "பொண்ணுதானுங்க" என்றார்.

ஜெனிதா பலகையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, நாற்காலிகளை ஒதுக்கினாள். குதிரை உள்ளே நுழைந்து, சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டது. புருவம் எடுக்க வந்திருந்த டீச்சர் ஒருவர் தன் முறை போய்விடக் கூடாதே என்று எழுந்து போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வால் என்றாலும் முடி முடிதானே. ஜெனிதா குறை வைக்கவில்லை. உப்புத் தண்ணீர் ஆகாது என்று கேன் தண்ணீர் வரவழைத்தாள். சிக்கெடுத்து, நனைத்து, நுரை பூசி, அலசினாள். கூடவே எல்லாவற்றையும் விளக்கினாள். சென்னிமலை எதையும் நம்புவதாகத் தெரியவில்லை. ஆர்கன் மரம் மொராக்கோவில் வளர்வது, பழம் தின்ன ஆடுகள் அந்த மரத்தின் உச்சிவரை ஏறி நிற்கும் என்று அவள் சொன்னபோதுதான் முகம் மாறியது. அவரும் வெள்ளாடு வளர்ப்பவர்.

"இது நெசமுங்க," என்றார். "வேலிக்கு வெச்ச கல்லு மேல ஏறி நிக்கற சாதி, மரத்துல ஏறாம இருக்குமுங்களா?" அதன்பிறகு ஷாம்பு பற்றி அவள் சொன்ன எல்லாவற்றையும் நம்பினார்.

ஆனால் கத்தரியை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தார். கருகின நுனியை எடுக்காவிட்டால் மேலே மேலே பிளந்துகொண்டு போகும் என்று ஜெனிதா மன்றாடினாள். கல்யாணக் குதிரையின் வாலைக் குறைப்பது குலத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, ஈர வாலோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதே வாரத்தில் மிதுனுக்குப் பேசியிருந்த மணப்பெண் மோகனப்பிரியா வந்தாள், அம்மா குழந்தையம்மாளோடு. சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. தினமும் சூட்டுக் கம்பியால் முடியை நேராக்கி நேராக்கி நுனியெல்லாம் வெடித்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு வெட்டிக்கொள்ள ஆசை. தோள்வரை போதும் என்றாள். குழந்தையம்மாள் சம்மதிக்கவில்லை.

"மாப்பிள்ளை ஊட்டுல குதிரைக்கே முடி வெட்டாம வெச்சிருக்கறாங்க. நாம பொண்ணுக்கு வெட்டுனா அவிய என்ன நெனைப்பாங்க, கண்ணு?"

மோகனப்பிரியா கண்ணாடியில் ஜெனிதாவைப் பார்த்தாள். ஜெனிதாவுக்குத் தன் பழைய முக்காடு நினைவுக்கு வந்தது. அப்படியானால் குதிரைக்கு வெட்டினால் பெண்ணுக்கும் வெட்டலாமா என்று கேட்டாள். குழந்தையம்மாள் ரொம்ப நேரம் யோசித்து, அப்போது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் ஜெனிதா ஷாம்புவை எடுத்துக்கொண்டு சென்னிமலையின் தோட்டத்துக்கே போனாள். மோகனப்பிரியா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு வந்து தென்னை மரத்தடியில் நின்றாள். வாலைப் பார்த்தால் முதல் அலசலிலேயே பாதி மென்மை திரும்பியிருந்தது. நுனி மட்டும் அப்படியே கருகிக் கிடந்தது. சென்னிமலை மனமும் கொஞ்சம் அசைந்திருந்தது. ஆனால் தானாக முடிவெடுக்க அவருக்குத் துணிவில்லை.

"ஆட்டுக்குத் தண்ணி தெளிச்சு உத்தரவு கேக்கற மாதிரி இதுக்கிட்டயும் கேட்டுப்போடலாமுங்க," என்றார். "சிலுப்புனா வெட்டுங்க. இல்லாட்டி உட்டுருங்க."

கோயிலில் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம். ஜெனிதா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், ஆனாலும் அந்த ஊரிலேயே பிறந்தவள், முறை தெரியும். சென்னிமலை கை நிறைய மஞ்சள் தண்ணீரை அள்ளித் தெளித்தார். பவுனு காதைக்கூட அசைக்கவில்லை. மறுபடியும் தெளித்தார். கொள்ளு தின்றுகொண்டே இருந்தது. மோகனப்பிரியாவின் முகம் சுருங்கிப்போனது.

வெட்டுவது இல்லையென்றாலும் கழுவியாவது விடலாம் என்று ஜெனிதா சொன்னாள். யாருக்கும் அதில் தடையில்லை. ஷாம்புவை அள்ளி வாலில் மட்டும் நிறுத்தாமல் முதுகு, பிடரி, கழுத்து என்று பூசி நுரைக்கவிட்டாள். பிறகு குடத்துத் தண்ணீரை மொத்தமாக அதன் தலைமேல் கவிழ்த்தாள்.

பவுனு ஒரு கணம் நின்றது. பிறகு மூக்கிலிருந்து வால்வரை சிலுப்பியது. நுரை தென்னை மட்டைவரை பறந்தது. குழந்தையம்மாளின் பட்டுச் சேலையிலும் சென்னிமலையின் மீசையிலும் பூப்பூவாக ஒட்டிக்கொண்டது. அவர் மீசையைத் துடைக்காமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உத்தரவு கெடைச்சிருச்சுங்க. வெட்டுங்க."

ஜெனிதா முதலில் குதிரைக்கு வெட்டினாள். அதே தென்னை மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு மணப்பெண்ணுக்கும் வெட்டினாள். கருகின முடி உதிர உதிர அந்தப் பெண் சின்னதாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். கல்யாணம்வரை இரண்டு பேருக்கும் அதே ஷாம்பு. பிறகு கண்டிஷனர்.

கல்யாணத்தன்று மிதுன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் குதிரையேறி நாட்டுக்கல்லுக்குப் போனான். வால் வெயிலில் பட்டு நூல்போல அசைந்தது. முன்னால் நடக்கவேண்டிய மேளக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்துவிட்டார்கள். வீடியோக்காரரும் பின்னாலேயே நடந்தார். ஆல்பத்தில் இன்றைக்கும் மாப்பிள்ளை பெரும்பாலும் முதுகாகத்தான் இருக்கிறார். முன்பக்கமிருந்து எடுத்த படங்களில் மோகனப்பிரியாவின் தோள்வரை புரளும் முடியைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. குதிரைக்கும் அப்படித்தான் வெட்டியிருக்கிறது என்று குழந்தையம்மாள் பந்தி பந்தியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு பார்லருக்கு வந்த பெண்கள் ஜெனிதாவைப் பேசவே விடவில்லை. கிளிசரினும் வேண்டாம், பாந்தெனாலும் வேண்டாம், குதிரைக்குப் போட்டதைக் கொடு என்றார்கள். நுனி ஒட்டாது, வெட்டவேண்டும் என்று அவள் எச்சரித்தால், தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினார்கள். சந்தேகப்பட்ட ஒருசிலர் சென்னிமலையின் தோட்டத்துக்கே போய், வாலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து வாங்கினார்கள்.

ஜெனிதாவுக்கு முதலில் வருத்தம்தான். இத்தனை வருஷம் படித்துப் படித்துச் சொன்னதை ஒரு குதிரை பின்னால் திரும்பி நின்றே சொல்லிவிட்டதே என்று பிராங்க்கிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அவன் அன்று லீவில் இருந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, மலைக்காற்றில் காய்ந்த தன் தலையை வாஷ்பேசினில் சாய்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சாய்த்தது அதுதான் முதல்தடவை. அவள் தண்ணீரைத் திறந்து, பாட்டிலை எடுத்து, பழக்கத்தில் பின்பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.