அண்ணியின் டம்ளர் சிந்தாத வாரம்

என் அண்ணிக்குப் பயப்படுவதுதான் உத்தியோகம். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒரு சக்கரம் கழன்ற பெட்டியோடு நான் அண்ணன் வீட்டில் வந்து இறங்கிய அன்று அண்ணன் இதைச் சொன்னான். வழக்கம்போலக் கதை விடுகிறான் என்று நினைத்தேன். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நெஜம்தான் சூட்கேஸ். அடையாள அட்டையே குடுத்திருக்காங்க."

சூட்கேஸ் என்பது அவளுடைய நாத்தனாராகிய நான். அட்டையை வாங்கிப் பார்த்தேன். புகைப்படத்தில் அண்ணி கண்ணை இறுக மூடியிருந்தாள். கீழே 'அச்சச் சோதனையாளர்' என்று அச்சடித்திருந்தது.

அண்ணியின் பயம் எங்கள் குடும்பத்தில் பேர்போனது. ரொட்டி சுடும் மெஷினில் ரொட்டியைப் போடுவது அவள்தான். அது துள்ளி எழும்போது அலறுவதும் அவள்தான். இந்தப் பயத்தால் அவள் இழந்த வேலைகளுக்குக் கணக்கில்லை. போட்டோ ஸ்டுடியோவில் ஃப்ளாஷ் மின்னும்போதெல்லாம் கத்தினாள். அந்த மாதம் எடுத்த எல்லாப் படங்களிலும் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்கடையில் பின்னாலிருந்து ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டார். ஒரு தட்டு மாத்திரை அவர் தலையிலேயே வந்து விழுந்தது. நூலகத்தில் ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அவன் மறந்துபோன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க, அவன் வேலை செய்துகொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அண்ணி போனாள். லிஃப்டில் ஏறியவள் பதற்றத்தில் தவறான பொத்தானை அமுக்கிவிட்டாள். நான்காம் மாடியில் கதவு திறந்தது. எதிரே ஆளுயர அட்டையில் ஒரு பேய் நின்றது. அது வீடியோ கேம் செய்யும் சின்னக் கம்பெனி, பேய் அவர்களுடைய விளம்பரம். அண்ணி போட்ட அலறலில் மொத்தக் கட்டடமும் வாசலுக்கு வந்துவிட்டது. கம்பெனியின் முதலாளியம்மா, முப்பது வயதுகூட இருக்காது, ஓடி வந்து அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்தாள். அண்ணியின் கை ஆடிய ஆட்டத்தில் பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. முதலாளியம்மா தரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கு வேலைக்கு வர முடியுமா?"

சிந்திய அந்தத் தண்ணீர்தான் பிறகு அவர்களுடைய அளவுகோல் ஆனது. திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்ட ஓர் அறை. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவாள். மடியில் ஒரு தட்டு, தட்டில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளர். ஓர் அத்தியாயம் முடிந்ததும் தட்டில் சிந்தியதை அளவு ஜாடியில் ஊற்றி, எத்தனை மில்லி என்று சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். நாடித்துடிப்பைக் காட்டும் கருவிகளையும் வாங்கிப் பார்த்தார்களாம். அண்ணி அந்தக் கருவி போடும் சத்தத்துக்கே பயந்ததால் அது ஒத்துவரவில்லை.

கேம் ஒரு பாழடைந்த சலவை ஆலையில் நடக்கிறது. வெளுக்கக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்க ரசீதோடு உள்ளே போகும் ஒருத்தி மாட்டிக்கொள்கிறாள். அவளை ஆட்டிவைப்பது நாம். உள்ளே ஈரப் போர்வைகள் ஆள் உருவத்தில் எழுந்து, சளப் சளப்பென்று நடந்து வரும். ஈரங்கள் என்று அவற்றுக்குப் பெயர். முதல் அத்தியாயத்தில் கையில் இருப்பது சாகக் கிடக்கும் ஒரு டார்ச்சும் மூன்றே மூன்று குண்டுகளும். மூச்சை அடக்கிக்கொண்டு அலமாரிக்குள் ஒளிவதுதான் வழி. அண்ணி அந்த அத்தியாயத்தில் நூற்று நாற்பது மில்லி சிந்தினாள். இரண்டாவதில் நூற்று அறுபத்தைந்து. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

தொல்லை ஏழாவது அத்தியாயத்தில் ஆரம்பித்தது. அங்கே இரட்டைக் குழல் துப்பாக்கி கிடைக்கிறது. அலமாரியைத் திறந்தால் குண்டு, இழுப்பறையைத் திறந்தால் குண்டு. ஏழில் இருபது மில்லி. எட்டில் ஐந்து. கடைசி அத்தியாயமான ஒன்பதில் எண்பத்து நான்கு குண்டுகளோடு நுழைந்த அண்ணி, ஒரு கையால் ஆடிக்கொண்டே மறுகையால் பிஸ்கட் தின்றாள். பலகையில் பூஜ்யம்.

எத்தனை குண்டுக்கு எத்தனை ஈரம் என்று கணக்குப் பார்ப்பது தராசு. அவருடைய வேலையே அதுதான் என்பதால் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பத்து ஈரங்களை இருபதாக்கினார். இருபதையும் தடித்தோல் ஆக்கினார். அப்போதும் பூஜ்யம்.

"காலையில எட்டரை மணி பஸ்ஸுல ஏறுற மாதிரி இருக்கு தம்பி," என்றாள் அண்ணி அவரிடம். "கூட்டமா இருக்கு, எரிச்சலா இருக்கு. பயமா இல்ல."

நான் வந்து சேர்ந்தது இந்த நேரத்தில்தான். வீட்டிலும் நிலைமை மோசம். ரொட்டி துள்ளியது, அண்ணி அதைப் பிடித்து வெண்ணெய் தடவினாள். அண்ணன் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்தான்.

"ஏங்க, அது துவைக்கப் போட்டது," என்று உருவிக்கொண்டு போனாள்.

அண்ணன் பனியனோடு நின்றான். "வீடே வெறிச்சுனு இருக்கு," என்றான் என்னிடம். "பத்து வருஷமா பூட்டைத் தொறக்குற சத்தத்துக்குக் கத்துவா. நான் வந்துட்டேன்னு எனக்கே அப்பதான் தெரியும்."

செவ்வாய்க்கிழமை முதலாளியம்மா அண்ணியைக் கூப்பிட்டுப் பேசினாள். வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை ஆடிப் பார்க்கலாம் என்றும், அன்றைக்கு வேறு ஒருவரையும் வரச் சொல்லியிருப்பதாகவும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். கேம் நல்லாயில்லையா, அண்ணியின் பயம் தீர்ந்துபோய்விட்டதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்க அண்ணியோடு நானும் போனேன். நான்கு கிளிப்பைக் கழற்றிய பிறகு ஆரம்பித்தாள்.

"முப்பத்தாறு வருஷம் எல்லாரும் சிரிச்ச விஷயம் சூட்கேஸ். அங்க ஒரு இடத்துலதான் அதைப் பலகையில எழுதி வெச்சாங்க. இப்பப் பாத்து அது என்னை விட்டுப் போகுது பாரு."

"பயம் போனா நல்லதுதானே அண்ணி?"

"நீ சொல்லுவ. நீ எதுக்குப் பயப்படுவ? இத்தனை ஊர் சுத்துனியே, எங்கயாவது பயந்தியா?"

"முதல் ரெண்டு மாசம் எல்லாத்துக்கும். பாஷை தெரியாது, வழி தெரியாது. அப்புறம் பழகிடுச்சு."

"அப்புறம் ஒண்ணுமே இல்லையா?"

ஒன்று இருந்தது. மூன்றாவது வருடம், ஒரு ரயில் நிலையம். நான் தினமும் போகும் இடம், எப்போதும் ஜேஜே என்று இருக்கும். ஒரு மத்தியானம் உள்ளே நுழைந்தால் ஓர் ஆள் இல்லை. கடைகள் திறந்திருந்தன, டீ கொதித்துக்கொண்டிருந்தது, மேசைமேல் யாரோ கடித்துவைத்த ரொட்டி. பின்பக்கம் கிரேனில் புது மணிக்கூண்டைத் தூக்குவதை வேடிக்கை பார்க்க எல்லாரும் போயிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தெரிவதற்கு முன்பு இரண்டு நிமிடம் எனக்குக் கால் நகரவில்லை.

"உன் கையில என்ன இருந்துச்சு அப்ப?" என்று கேட்டாள் அண்ணி.

"எல்லாமே இருந்துச்சு. டிக்கெட், மேப், சார்ஜ் போட்ட போன்."

அண்ணி ஒரு தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானும் கூடப் போனேன். வரவேற்பறை சோபாவில் முறுக்கு மீசையோடு வாட்டசாட்டமான ஒருவர் மடியில் ஃபைலும் குடையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பு காவலாளியாக இருந்தவராம். எதனால் வேலை போயிற்று என்று கேட்க அவசியமில்லை. அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள்.

"உங்களுக்கு எதுங்க?"

"பலூன்," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "உங்களுக்கு?"

"பலூன் பரவாயில்லைங்க. வெடிச்சதும் ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு."

அவர் அதைக் கேட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

முதலாளியம்மாவோடு அறைக்குள் போனோம். தட்டு, டம்ளர், தண்ணீர். தராசு தன் கம்ப்யூட்டர் முன்னால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நாப்பது ஈரம் வெச்சிருக்கேன்கா. கூடத்தையும் பெருசாக்கியிருக்கேன்."

அண்ணி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நாற்பது பேர் ஏறிய பஸ்.

ஒன்பதாவது அத்தியாயம் தொடங்கியது. ஆலையின் பெரிய கூடம். வரிசையாகச் சலவை மெஷின்கள், அவற்றின் வட்டக் கண்ணாடிகள். அண்ணி துப்பாக்கியை உயர்த்திப் பிடித்தபடி நடந்தாள். முதல் வரிசையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. டார்ச் நன்றாகவே எரிந்தது. எண்பத்து நான்கு குண்டுகளும் அப்படியே இருந்தன.

"எங்க தம்பி?"

"இருக்கே அக்கா," என்றார் தராசு திரையில் மூக்கை வைத்துக்கொண்டு. "நாப்பதும் இருக்குன்னு காட்டுது. உங்க பக்கத்துலதான் இருக்குன்னு காட்டுது."

அண்ணி இன்னும் நாலடி நடந்தாள். சளப் என்றது. திரும்பினாள், யாரும் இல்லை. நடந்தாள். சளப், சளப். நின்றாள். அதுவும் நின்றது. சத்தம் முன்னாலிருந்தும் வரவில்லை, பின்னாலிருந்தும் வரவில்லை.

"காலுக்குக் கீழ," என்றாள் அண்ணி. குரல் சன்னமாகியிருந்தது.

தட்டில் முதல் சொட்டு விழுந்தது. முதலாளியம்மா என் தோளைப் பிடித்தாள்.

அண்ணி தரையைப் பார்த்துச் சுட்டாள். பத்துக் குண்டு. ஓடு தெறித்தது, புகை எழுந்தது, அடங்கியது. அப்புறம் கீழே நாற்பது ஜோடிக் கால்கள் ஒரே ஒரு அடி எடுத்து வைத்தன. அண்ணி ஓட்டம் எடுத்தாள். இஸ்திரி அறைக்கு ஓடினாள். அந்தக் கேமில் அது ஒன்றுதான் பத்திரமான இடம். மஞ்சள் விளக்கு எரியும், ரேடியோவில் மெல்லிய இசை ஓடும், எந்த ஈரமும் அந்தக் கதவைத் தாண்டாது. அண்ணி அங்கே போனால் எப்போதும் கழுத்தைச் சொடுக்கிக்கொள்வாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்தினாள். இசை வந்தது. கழுத்தைச் சாய்த்தாள்.

சளப்.

அந்த அலறலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. டம்ளர் பறந்து தராசின் நெஞ்சில் பட்டது. திரைச்சீலையின் ஒரு பக்கம் கழன்று விழுந்து வெளிச்சம் உள்ளே கொட்டியது. நான் பிடித்திருந்த நாற்காலிக் கைப்பிடியின் உறை என் கையோடு வந்திருந்தது.

பிறகு அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிய, நாற்காலி குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். "போகல சூட்கேஸ். எனக்குள்ளயே இருக்கு. பத்திரமா இருக்கு."

தராசு சட்டை ஈரத்தோடு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். கூடத்தைப் பெரிதாக்கியபோது தரையை ஓர் ஆள் உயரம் மேலே தூக்கியிருக்கிறார். ஈரங்களைத் தூக்க மறந்துவிட்டார். அவை பழைய தரையிலேயே நின்று அண்ணியைத் துரத்தியிருக்கின்றன. சுவரும் கதவும் புதுத் தரைக்கு மேலேதான் இருந்தன, அதனால் இஸ்திரி அறைக்கு அடியிலும் தடையில்லை.

"அஞ்சு நிமிஷம் குடுங்க, தூக்கி வெச்சிடுறேன்," என்றார் வெட்கத்தோடு.

"கையை வெச்சே, கடிச்சிடுவேன்," என்றாள் அண்ணி.

"அக்கா, அது தப்பு."

"இருந்துட்டுப் போகட்டும். ஏழாவதுல துப்பாக்கி குடுத்ததும் ஈரத்தைக் கூட்டிக்கிட்டே போன. சுட எதிரி இருந்தா எனக்கு என்ன பயம்? சுட்டுட்டு பிஸ்கட் திம்பேன்."

முதலாளியம்மா யோசித்தாள். "அப்ப குண்டைக் குறைச்சிடலாமா அக்கா? முதல் அத்தியாயம் மாதிரி மூணே மூணு?"

"ஒண்ணைக்கூடப் புடுங்காதீங்க. எண்பத்து நாலும் கையில இருக்கணும். எல்லாம் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியலைங்கறப்பதான் எனக்குப் பயம் வருது. இவ ரயில் நிலையத்துல நின்னாளே, அந்த மாதிரி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைப்பிடி உறையைப் பின்னால் மறைத்தேன்.

அளப்பதில் ஒரு தகராறு வந்தது. தட்டில் இருந்தது எண்பது மில்லிதான். மீதியெல்லாம் தராசின் மேல். அது கணக்கில் சேருமா சேராதா என்று பேசிப் பேசி, கடைசியில் அவர் சட்டையைக் கழற்றி ஜாடிக்குள் பிழிந்தார். இருநூற்றுப் பத்து. பலகையில் அதுவரை இல்லாத எண். முதலாளியம்மா எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

வெளியே வந்தால் சோபா காலி. ஃபைலும் குடையும் கிடந்தன. அலறல் கேட்டதும் மீசைக்காரர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடிவிட்டதாக வரவேற்பறைப் பெண் சொன்னாள். அண்ணிக்குப் பாவமாகிவிட்டது. குடையை எடுத்து வைத்தாள்.

"நல்ல பயம் அவருக்கு. வேற கேமுக்காவது கூப்பிடுங்க," என்று முதலாளியம்மாவிடம் சிபாரிசு செய்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வரும் நேரத்தில் அண்ணி மேசையில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பூட்டில் சாவி திரும்பியது. அண்ணி வீறிட்டாள். ஜக் கவிழ்ந்து தண்ணீர் தரையெங்கும் ஓடியது.

அண்ணன் வாசலிலேயே நின்றான். முகமெல்லாம் பல். பையைக் கீழே போட்டுவிட்டு, நாங்கள் விஷயத்தைச் சொல்வதற்குள் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். மேசைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில், ஒரு சொட்டு விடாமல் ஒற்றி எடுத்தான்.

"சூட்கேஸ், சமையலறையில இருக்கிற அளவு ஜாடியை எடு," என்றான் துணியைப் பிழியத் தயாராகி. "எவ்வளவுன்னு பாத்துடுவோம்."