சாமியாடிக்கு வந்த காய்ச்சல்

காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர் நாலையும் பார்த்து எழுதுவது எங்கள் நர்ஸ் வேலை. நாலும் உண்மை சொல்லும், அவற்றைச் சுமந்து படுத்திருக்கிற ஆள்தான் சொல்லமாட்டார். வார்டில் கால் கடுக்க நிற்கும் கூட்டாளிகளே, உங்களுக்குத் தெரியாததா?

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. கொத்தனார் பேச்சிமுத்து அண்ணாச்சி பாதத்தில் ஆணி ஏறி, கால் வீங்கி வந்து சேர்ந்தார். சர்க்கரை வேறு. சீழ் பரவினால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சியோ சுடலைமாடன் கோயில் சாமியாடி. கோயில் திருவிழாவான கொடை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஈரத் துண்டு

காலையில் கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சலே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். நாடியைப் பிடித்தால் குதிரை ஓட்டம்! போர்வையை விலக்கினேன். நனைத்துப் பிழிந்த துண்டு கிடந்தது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கக்கத்தைக் குளிர வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தேன்; காய்ச்சல் கொதித்தது. அவர் மனைவி செல்லத்தாய் மதினி தலையில் அடித்துக்கொண்டார்: "சுவத்து ஓட்டையத்தான் பூசி மறைப்பாக. இப்ப ஒடம்பையும் பூசுதாக, தம்பி!"

நாடி பிடித்தபடி

மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் போதும், யாருக்கும் மூச்சு ஒழுங்காக வராது. அதனால் நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவோம். அண்ணாச்சியிடம் அது பலிக்கவில்லை. "கையப் பிடிச்சிக்கிட்டு நெஞ்சையே பாக்கீரே, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி இருக்கு வே!"

கொத்தனார் கேள்வி

ஊசி மருந்து என்ன செய்யும் என்று கேட்டார். பைய விளக்கினேன்: "கிருமிக்குச் சுத்திச் சுவர் உண்டு அண்ணாச்சி. இந்த மருந்து அந்தச் சுவரைக் கட்டவிடாது. கிருமி வெடிச்சிச் சாவும். நம்ம செல்லுக்கு மெல்லிய சவ்வுதான், சுவரே கிடையாது. அதனால நமக்குச் சேதமில்ல."

அண்ணாச்சி ஊசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கிருமிவீட்டுக் கொத்தனார் பொழப்பக் கெடுக்க மருந்து, அதை என் ஒடம்புலயே ஏத்துதீரு. இது நியாயமா வே?"

அஞ்சறைப் பெட்டி

காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர். அடுத்த கட்டு மாற்ற வந்தபோது புண் ஓரம் மறுபடி சிவந்திருந்தது. மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மதினியிடம் கேட்டேன். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று அண்ணாச்சி வீட்டுக்குப் போன மறுநாளே நிறுத்தி, மிச்சத்தை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறார். அவருடைய தம்பிக்குச் சளி பிடித்தால் ஆகுமாம். சளிக்கு இது கேட்காது, சாகாமல் மிஞ்சிய கிருமி மறுபடி பெருகும், கால் போகும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். டாக்டரும் வந்து பார்த்துவிட்டு மருந்தைப் புதிதாக எழுதினார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனி நானே வாயில போட்டு, நாக்கத் தூக்கிப் பாத்துட்டுத்தான் விடுவேன்."

கொடை

புண் ஆறியது. விரல் தப்பியது. டாக்டர் அனுமதியோடு கொடையில் அண்ணாச்சி ஆடினார், நானும் போயிருந்தேன். மேளம் உச்சத்தில் இருக்கும்போது ஒருத்தர் காய்ச்சல் என்று திருநீற்றுக்குக் கை நீட்டினார். சாமி திருநீற்றைப் பூசிவிட்டு, சலங்கை அதிர உறுமியது: "ஏலே, டாக்டரு சொல்லாம நீ மாத்திரைய நிறுத்துனேன்னு தெரிஞ்சுது, அடுத்த கொடைக்கு நீ இருக்கமாட்ட!"

நான் தினமும் வார்டில் மெல்லிய குரலில் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்லி யாரும் கேட்காததை, மாடன் ஒரே அதட்டலில் ஊருக்கே புரியவைத்துவிட்டார்.