ஆறாவது ஆள்

தள்ளுவண்டி இங்கே, ஆள் அங்கே என்று மில்லின் தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்ட வாரம்தான் எனக்குப் புதுப் பதவி கிடைத்தது. அதுவரை நான் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் பகுதியில் மேஸ்திரி. அன்றிலிருந்து தொடர் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர். வீட்டில் சொன்னபோது என் மனைவி அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "மேஸ்திரின்னா எல்லாருக்கும் புரியும்லா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் அட்டையை அவள் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்தேன். அவ்வளவு பெருமை பிடித்து அலைந்த நாட்கள் அவை.

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருக்கிற நூற்பு மில் அது. குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கத்துப் பெண்கள்தான் பாதிப் பேர். மழை ஏமாற்றினால் மானாவாரிக் காட்டில் வேலை கிடையாது, மில் வேன் மட்டும் தவறாமல் வரும். இந்த மில்லைத் திருத்துவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். தினம் ஒரு சின்னத் திருத்தம், அதை வேலை செய்கிறவர்களே சொல்ல வேண்டும், அதனால் யாருக்கும் வேலை போகாது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதை நம்ம பேச்சில் பெண்களிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்து, "இதால ஒருத்தருக்கும் வேலை போவாது, நான் சொல்லுதேன்" என்றேன். ஆலோசகர் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். 'நான் சொல்லுதேன்' என்பது நானாகச் சேர்த்தது.

ரிங் ஃபிரேமில் நூல் சுற்றுகிற பாபின்கள் நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்துவோம். பெண்கள் வரிசையாக ஓடி நிறைந்ததைப் பிடுங்கி, வெறும் பாபினைச் செருகுவார்கள். இதற்கு டாஃபிங் என்று பெயர். இயந்திரம் நிற்கிற நேரமெல்லாம் நட்டம் என்பதால் அவசரம் அவசரமாக நடக்கும். ஒரு குழுவுக்கு ஆறு பேர். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து பேர்தான் ஓடுவார்கள். ஒருத்தி முறை வைத்து ஒதுங்கி நிற்பாள், தண்ணீர் குடிப்பாள், காலைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். அடுத்த நிறுத்தத்துக்கு வேறொருத்தி. எட்டு மணி நேரம் ஓடுகிற கால்களுக்கு அதுதான் மருந்து. மாதவிலக்கு நாட்களில் இருப்பவளுக்குக் கேட்காமலேயே முறை கூடுதலாகக் கிடைக்கும். யாரும் ஏற்பாடு செய்ததில்லை, எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. மேஸ்திரியாக இருந்தபோது நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவேன். ஒரு குழுவில் மூத்தவள் ஒருத்திக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. அவளுக்கு மட்டும் இரண்டு நிறுத்தத்துக்கு ஒரு முறை ஓய்வு கொடுத்தார்கள்.

அந்தக் குழுவைத்தான் ஆலோசகர் நேரம் எடுக்கச் சொன்னார். கையில் ஸ்டாப் வாட்சோடு நான் நின்றேன், அவர் என் பின்னால் நின்றார். மற்ற ஊர்களில் வாட்சைக் கண்டால் தொழிலாளர்கள் கையை மெதுவாக்கிவிடுவார்களாம், அதற்குத் தக்கபடி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். எங்கள் பெண்கள் ஓடிய ஓட்டத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு நூல் அறுபடாமல் முடித்தார்கள். மூத்தவள் தூண் ஓரமாக மஞ்சள் கட்டத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று நிறுத்தம் பார்த்தோம், மூன்றிலும் அவள் அங்கேயே நின்றாள்.

ஆலோசகர் வாட்சைப் பார்த்து என் தோளைத் தட்டினார். படிவத்தில் ஆட்கள் என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினேன். கண்ணால் பார்த்தது ஐந்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் புதுத் தரநிலை என்று ஒரு தாள் அறிவிப்புப் பலகையில் ஏறியது. குழுவுக்கு ஐந்து பேர். அந்தக் குழுவில் மூத்தவளை வேலையைவிட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் அறைக்குப் போய், வேலை போகாது என்று சொல்லியிருக்கிறோமே என்றேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உம்ம கையெழுத்துதான வே?"

அந்த ஒதுங்கல் முறையைப் பற்றி அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எல்லாக் குழுக்களின் ஓய்வும் பறிபோகும் என்று பயந்ததாக நெடுநாள் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஓய்வு அந்தத் தாளோடேயே போயாயிற்று. தெரிந்தேதான் ஐந்து என்று எழுதினீரா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன். நான் கோழை. படிவத்தை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மூத்தவள் தொப்பியையும் ஏப்ரனையும் மடித்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வெளியூர்க்காரர் முன்னால அண்ணாச்சி பேரு கெட்டுரக் கூடாதுன்னுதான் அன்னைக்குப் பிள்ளைய எல்லாம் அம்புட்டு ஓட்டம் ஓடுச்சுவ. என் காலு இழுத்துச்சுன்னா நேரம் கூடிரும்லா. நாந்தான், நான் ஒதுங்கிக்கிடுதேன்னு சொன்னேன்" என்றாள். இழப்பீடு எதுவும் கேட்கவில்லை. வேன் இன்றைக்கு மட்டும் தன்னை ஏற்றிக்கொள்ளுமா என்று கேட்டாள். ஏற்றிக்கொள்ளும் என்றேன். அதையாவது உண்மையாகச் சொன்னேன்.

அந்த வருடம் சிறந்த மேம்பாடு என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கோட்டுக்குள் தள்ளுவண்டியை நிறுத்தியதற்கு இல்லை, இதற்குத்தான்.

இப்போது அந்தக் குழுவில் ஐந்து பேரும் எல்லா நிறுத்தத்துக்கும் ஓடுகிறார்கள். போன மாதம் மறுபடி நேரம் எடுக்கச் சொன்னார்கள். வாட்சோடு போய் நின்றேன். ஐந்து பேரும் ஒரு பாபினைப் பிடுங்கி, அதைப் பார்த்து, அடுத்ததுக்கு நடந்தார்கள். அப்படி நடக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்றும் கழிக்காமல், வாட்ச் காட்டியதை அப்படியே எழுதினேன். முடிந்ததும் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு, "எழுதிட்டியளா சார்?" என்றாள்.

பதினோரு வருடமாக அவளுக்கு நான் அண்ணாச்சி.