காப்பாற்றப் போகிறவனின் சாமான்கள்

மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது செய்தி வந்தது. "கதிரேசன் செத்துட்டான்டா, டேங்க்குக்குள்ள," என்றான் அறைத் தோழன் பாலா. "எந்தக் கதிரேசன்?" என்று கேட்டேன். வளைகுடாவில் எங்கள் ருவைஸ் கேம்பில் இருந்ததே ஒரு கதிரேசன்தான்.

அவனுக்கும் எனக்கும் ஒரே வேலை. எண்ணெய் டேங்கைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கும்போது வாசலில் நின்று காவல் காப்பது. உள்ளே ஒருவர் விஷவாயுவில் மயங்கினால் வயர்லெஸ்ஸில் சொல்லலாம். காற்று சிலிண்டர் மாட்டாமல் நாங்கள் இறங்கக் கூடாது.

லீவு நாளில் கதிரேசன் படம் வரைவான். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியக் கோட்டோவியங்களை போனில் பார்த்து, பால்பாயின்ட் பேனாவால் நகல் எடுப்பான். பெரும்பாலும் ஒரே காட்சி: பாறையில் சங்கிலியிட்ட பெண், கடலில் பூதம், வானத்திலிருந்து பாய்கிற வீரன். ஒரு படத்தில் வீரனின் கை மூன்று இடத்தில் இருந்தது. "பாரு மாப்ள, வாள எங்க ஓங்குறதுன்னு வரைஞ்சவனுக்கே தெரியல," என்று சிரித்தான்.

"பறந்து வந்து காப்பாத்துறானாம். பெரிய பில்டப்பு," என்று நான் கிண்டல் செய்தேன்.

"பில்டப்பு இல்லடா, சாமான். ரெக்கை வெச்ச செருப்பு, கேடயம், வாள், எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கிளம்பியிருக்கான். நமக்கு ஷூவே ஒரு சைஸ் பெருசு. வெறும் உடம்போட போனா பூதத்துக்கு ரெண்டு சாப்பாடு."

இதைச் சொன்னவன்தான் வெறும் உடம்போடு இறங்கினான். அன்று வாசலில் இருக்க வேண்டிய சிலிண்டர் வேறு யூனிட்டுக்குப் போயிருந்தது. ஐந்து நிமிட வேலை என்றார் சூப்பர்வைசர். எல்லாம் தயார், ஆள் இறங்கலாம் என்கிற பெர்மிட்டில் கதிரேசன் கையெழுத்துப் போட்டான். அது தவறு. நானும் பலமுறை போட்டிருக்கிறேன். உள்ளே போன பீகார்க்காரர் விழுந்தார். கதிரேசன் வயர்லெஸ்ஸில் கத்திவிட்டு, கயிற்றோடு இறங்கி, அவர் இடுப்பில் கட்டினான். வெளியே நின்றவர்கள் இழுத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். கயிற்றை மறுபடி போட்டபோது அதைப் பிடிக்க உள்ளே கை இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அவனை ஹீரோ என்றார்கள். சிலிண்டர் ஏன் அங்கே இல்லை என்று ஒருவரும் பேசவில்லை. அவனுக்கு அந்தப் பட்டம் வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால் போதும்.

நேற்று எனக்கு டூட்டி, பக்கத்து டேங்க்கில். சிலிண்டர் இல்லை.

"சைன் பண்ணு பாய், யல்லா, சீக்கிரம்," என்றார் அதே சூப்பர்வைசர்.

"மாஃபி, முடியாது. சிலிண்டர் வரட்டும்."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"போகட்டும்," என்று வாசலை மறித்து உட்கார்ந்தேன். அவர் திட்டிக்கொண்டே போன் செய்தார்.

பத்தே நிமிடத்தில் வண்டி வந்து சிலிண்டரை இறக்கியது. கதிரேசனைத் தெரிந்தவர்களே, அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பத்து நிமிடம்தான்.