ஒரு சொட்டு போதும்

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவது உலகத்திலேயே சுலபமான வேலை. சுலபம் என்பதாலேயே எல்லோரும் அதைத் தப்பாகச் செய்கிறார்கள். கண்ணிக்கு ஒரு சொட்டு போதும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி அதை உள்ளே இறங்க விட வேண்டும். பிறகு வெளியே வழிவதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் ரோட்டுப் புழுதியெல்லாம் ஒட்டி, கருப்பு மாவாகி, செயினையே அரைத்துத் தின்றுவிடும். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் கடை வைத்திருக்கும் நான் இதைச் சொல்லாத நாளில்லை, கேட்டவர்தான் யாருமில்லை. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத கருப்போடு சோற்றில் கை வைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மிச்சமும் புரியும்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார். அவர் போகிற வரைக்கும் கடையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். மாடி கட்டி முடிக்கிற வரைக்கும்தான் என்று சொல்லிப் போனார். மாடி எழும்பி வெள்ளையடித்தும் ஆகிவிட்டது. கேட்டால், "அடுத்த பொங்கலுக்குப் பாக்கலாம்" என்கிறார். அடுத்த பொங்கலும் வந்து போனது. அவர் சைக்கிள் மட்டும் கடைக்குள்ளே ஸ்டாண்டு போட்டு நிற்கிறது.

எறும்பு ஏறிய வண்டி

மந்தைவெளிப் பக்கம் சாயங்காலம் போண்டா, பஜ்ஜி போடும் அக்கா ஒருத்தர் இருக்கிறார். ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஒரு நாயும் வந்தது. குனிந்து பார்த்தால் செயின் முழுக்க எறும்பு. மோந்து பார்த்தேன். பஜ்ஜி வாசனை. சட்டியில் மிஞ்சிய எண்ணெயை வீணாக்க மனசு வராமல் தினமும் கரண்டியால் செயினுக்கு ஊற்றியிருக்கிறார். கடலை மாவுத் துணுக்குகூட அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

டீசலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சமையல் எண்ணெய் பிசினாகிவிடும், மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும், அதுவும் ஒரு சொட்டு போதும் என்று என் பாட்டைப் பாடினேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "எண்ணன்னா எண்ணதானம்மா? ஊரே துன்னுட்டு செரிச்சிக்கினு கீது, இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு செரிக்கல?"

மலைக்காரர் கேட்டது

மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து ஒருவர் மரவள்ளி லோடு ஏற்றி வந்த வண்டியிலேயே தன் சைக்கிளையும் போட்டுக்கொண்டு வந்தார். சைக்கிள் புதுசு மாதிரி இருந்தது. டயர் தேயவில்லை, சீட்டு கிழியவில்லை. செயின் மட்டும் செங்கல் நிறத்தில் துருவேறி, பிடித்துத் தூக்கினால் வளையாமல் கம்பி மாதிரி நின்றது. மழையில் போட்டுவிட்டீர்களா என்றேன். இல்லை என்றார். எண்ணெய் விடுவதில்லையா என்றேன். விடாமல் என்ன என்றார். "ஏறும்போது தள்ளிக்கினு போறேன், எறங்கும்போது அதுவா ஓடுது. பெடல எங்கங்க மிதிக்கறது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓடாத செயினுக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே இறங்காது, துரு பிடிக்கும், சும்மாவாவது தினம் சுற்றி விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரர் சைக்கிள் பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். கடை திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். பெடலைக் கையால் சுற்றுவேன். டிக் டிக் என்று அது ஓடுகிற சத்தம் கேட்டால், அவர் ரோட்டு முனையில் திரும்பி வருகிற மாதிரியே இருக்கும். சத்தம் நின்றதும் கடை வெறிச்சென்று ஆகிவிடும். அதையெல்லாம் மலைக்காரரிடம் சொல்லவில்லை. ஆனால் மனிதர் பளபளவென்ற அந்தச் செயினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாகக் கேட்டார்: "என் வண்டியாவது மலையில எறங்க ஒதவுதுங்க. இத யாரு ஓட்டறாங்க?"

விற்பனைக்கு இல்லை

போன மாதம் போனில் பேசும்போது வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "அந்த வண்டி சும்மா எடத்த அடச்சிக்கினுதான கீது? யாருனா கேட்டா குடுத்துடு." திரும்பி வருகிறவர் தன் வண்டியை விற்கச் சொல்வாரா? கேட்க வாயெடுத்தேன், வரமாட்டேன் என்ற பதில் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

சொல்லி வைத்த மாதிரி அந்த வாரமே திருக்கோவிலூர்க்காரர் ஒருவர் வந்து நின்றார். கரும்பு ஆலைப் பக்கம் வேலை, போய் வர ஒரு வண்டி வேண்டும் என்றார். கண் நேராக அந்த சைக்கிளுக்குப் போனது. நானும் தொழில் தர்மத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அந்த வண்டி சரியில்லை, ரிம் கோணல், செயின் அடிக்கடி கழன்றுவிடும் என்று அளந்தேன். அவர் உட்கார்ந்து பெடலைச் சுற்றினார். வெண்ணெயாக ஓடியது. செயினில் விரலை வைத்து எடுத்தார், எண்ணெய் சொட்டியது. ஆமாம், அதில் எண்ணெய் கொஞ்சம் அதிகம்தான். வீட்டுக்காரர் நினைப்பு வரும்போதெல்லாம் கை தானாக எண்ணெய்க் கேனுக்குப் போகிறது, நான் என்ன செய்ய? திருக்கோவிலூர்க்காரர் விரலைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்: "கடையிலயே இதுதான் சொகுசா கீது. விக்க மனசு இல்லன்னு சொல்லிட்டுப் போயேம்மா, ஏன் வண்டி மேல பழி போடற?"

வீடியோ கால்

நேற்று மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். முகம் கறுத்து, முன்தலையில் முடி குறைந்திருந்தது. மாடியைப் பற்றிக் கேட்கவில்லை, மழை பெய்ததா என்றும் கேட்கவில்லை. "அந்த வண்டிய குடுத்துட்டியா?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் போனைத் திருப்பி அந்த சைக்கிளைக் காட்டினேன்.

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சினார். செயின்கிட்ட கொண்டு போ என்றார். கொண்டு போனேன். கடலைத் தாண்டி உட்கார்ந்திருக்கிற மனுஷன், அந்தச் சின்ன திரையில் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்: "இன்னாமே இது, எண்ணய ஆறு மாரி வுட்டு வெச்சிக்கீற? பேண்ட்டெல்லாம் கறையாப்பூடும், நல்லா தொடச்சி வை. இந்த மாசக் கடசியில ஊருக்கு வர டிக்கெட்டு போட்டுட்டாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு அதத்தான் தள்ளிக்கினு வரணும் நீ."

ஊருக்கெல்லாம் ஒரு சொட்டு போதும் என்று தொண்டை கிழியக் கத்துகிற நான், காலையிலிருந்து டீசல் துணியோடு என் வீட்டுச் செயினைத் துடைக்கிறேன், நடுநடுவே அதே கையால் கண்ணையும் துடைத்துக்கொள்வதால், வருகிற வாடிக்கையாளரெல்லாம் செயினை விட்டுவிட்டு என் கறுத்த முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.